புதுக் கார்டு உள்ளே வந்தால் எந்தக் கார்டு வெளியே போகும்?

மேஜிக், போக்கிமான், யூ-கி-ஓ, ஹார்த்ஸ்டோன் என்று எந்தக் கார்டு ஆட்டமாக இருந்தாலும், புது செட் (கார்டுத் தொகுப்பு) வெளிவருவதற்குச் சில வாரங்கள் முன்பே அதிலுள்ள கார்டுகளை ஒன்றிரண்டாகக் காட்டத் தொடங்கிவிடுவார்கள். இதைத்தான் பிரிவ்யூ என்கிறோம். பழைய ஆட்கள் ஸ்பாய்லர் என்பார்கள். படம் இருக்கும், பெயர் இருக்கும், கீழே நாலு வரி விதி இருக்கும். அது வந்த பத்தாவது நிமிடம் எங்கள் புதுச்சேரி வாட்ஸ்அப் குழுவில் சண்டை ஆரம்பம். ஒருவர் 'செம கார்டு, நாலு காப்பி வாங்கியே ஆகணும்' என்பார். இன்னொருவர் 'குப்பை' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார். இரண்டு பேருமே அந்தக் கார்டை இன்னும் கையில் பிடித்துக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஆடிப் பார்க்காமலே ஒரு கார்டைப் பற்றி ஓரளவு சரியாகச் சொல்ல முடியுமா? முடியும். இந்த ஆட்டங்களுக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்காக அதைத்தான் எழுதுகிறேன். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் மேஜிக்: தி கேதரிங்கிலிருந்து வரும். 1993-இல் ரிச்சர்ட் கார்ஃபீல்ட் உருவாக்கிய ஆட்டம் அது. இந்த வகை ஆட்டங்களுக்கெல்லாம் அதுதான் மூத்தது. எங்கள் கூட்டம் லாஸ்பேட்டையில் ஞாயிறு மதியம் ஆடுவதும் அதைத்தான்.

இங்கே இதற்குக் கூடுதல் அவசியமும் உண்டு. நமக்குக் கார்டு கிடைப்பது அத்தனை சுலபமில்லை. வெளியூர்க் கடைகளிலிருந்து கூரியரில் வர வேண்டும், இல்லாவிட்டால் பிரான்ஸிலிருந்து லீவுக்கு வரும் மாமாவோ சித்தப்பாவோ பெட்டியில் போட்டுக் கொண்டுவர வேண்டும். (எங்கள் குழுவில் கணிசமான கார்டுகள் பிரெஞ்சில் அச்சானவை. எதிரே ஆடுபவர் போனில் ஆங்கில வாசகத்தைத் தேடிப் படித்துக்கொள்வார், அதனால் ஒன்றும் குடிமுழுகிப் போவதில்லை.) போனில் அரீனா (மேஜிக்கின் டிஜிட்டல் வடிவம்) ஆடுபவர்களுக்கும் இதே கதைதான். விரும்பிய அரிய கார்டாக மாற்றிக்கொள்ள உதவும் ரேர் வைல்ட்கார்டை ஒரு கார்டுக்குச் செலவழித்துவிட்டால் பிறகு அதைத் திரும்பப் பெற வழியில்லை. ஆக, அவசரப்பட்டு ஆசைப்பட்டால் காசு போகும்.

முத்தியால்பேட்டையிலிருந்து வரும் ஒரு தம்பி, ஒன்பதாவது படிக்கிறான். பிரிவ்யூ தொடங்கிவிட்டால் அவனிடமிருந்து தினமும் மெசேஜ் வரும். போன முறை எங்களுக்குள் நடந்த பேச்சு இப்படிப் போனது:

"அண்ணா, இது வந்துச்சுன்னா நம்ம டெக்ல நாலு போட்டுடலாம்ல?"

"போடலாம்டா. எந்த நாலை எடுக்கப்போற?"

"எடுக்கணுமா? அறுபத்து நாலு கார்டா வெச்சுக்கலாமே, ரூல்ல தப்பில்லையே?"

ரூல் என்னவோ அவன் சொன்னதுதான். வழக்கமான மேஜிக்கில் டெக், அதாவது நாம் ஆட எடுத்துவரும் கார்டுக் கட்டு, குறைந்தது 60 கார்டு இருக்க வேண்டும், அதற்கு மேல் எத்தனை வைத்தாலும் யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் கார்டு கூடக் கூட, டெக்கில் இருப்பவற்றில் ஆகச் சிறந்த கார்டு கைக்கு வரும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும். அதனால்தான் எல்லோரும் சரியாக 60-இல் நிறுத்துகிறார்கள். அப்படியானால் புதிதாக ஒன்று உள்ளே வந்தால் பழையது ஒன்று வெளியே போயாக வேண்டும். என்னைக் கேட்டால், ஒரு பிரிவ்யூ கார்டை எடைபோடுவது என்பதே இதுதான்: இது நல்ல கார்டா என்று கேட்பதில் பயனில்லை, எந்தக் கார்டைவிட இது நல்லது என்று கேட்க வேண்டும். இதற்குப் பதில் தெரியாதவரை படத்தைப் பார்த்து ரசிக்கலாம், காசை எடுக்கக் கூடாது.

சரி, ஒப்பிடுவது எப்படி?

முதலில் மூலையைப் பாருங்கள்

புதிதாக ஆட வருபவர் கார்டைப் படத்திலிருந்து தொடங்கி விதிக்கு வருவார். அனுபவப்பட்டவரின் கண் முதலில் போவது வலது மேல் மூலைக்கு. அங்கேதான் விலை இருக்கிறது. கடையில் விற்கும் விலையைச் சொல்லவில்லை. கார்டை ஆடுவதற்குக் கொடுக்க வேண்டிய மானா, அதாவது ஆட்டத்துக்குள் செலவழிக்கும் சக்தி. மேஜிக்கில் ஒரு டர்னுக்கு ஒரு நிலக் கார்டுதான் இறக்கலாம், ஒரு நிலம் பொதுவாக ஒரு மானா தரும். முதல் டர்னில் ஒன்று, நாலாவது டர்னில் நாலு. நடுவில் நிலம் வராமல் மாட்டிக்கொண்டால் அதுவும் இல்லை. எனவே ஒரு மானா கூடுதல் என்பது ஒரு முழு டர்ன் தாமதம்.

இதை ஒரு சிவப்புக் கார்டை வைத்துப் பார்த்தால் பளிச்சென்று புரியும். லைட்னிங் போல்ட், முதல் செட்டிலேயே வந்தது: ஒரு மானா, எதிராளிக்கோ அவருக்காகச் சண்டைபோடும் கிரியேச்சருக்கோ 3 டேமேஜ். ஷாக்: அதே ஒரு மானா, 2 டேமேஜ். லைட்னிங் ஸ்ட்ரைக்: இரண்டு மானா, 3 டேமேஜ். மூன்றும் ஏறக்குறைய ஒரே வேலையைத்தான் செய்கின்றன. ஆனால் முப்பது வருடம் கழித்தும் மாடர்ன் மாதிரி பழைய கார்டுகள் செல்லும் ஃபார்மட்டுகளில் (எந்தெந்தக் கார்டை ஆடலாம் என்று வகுத்த ஆட்ட வகைகள்) போல்டை ஆடுகிறார்கள். மற்ற இரண்டும் அங்கே அபூர்வம். வித்தியாசம் ஒரு மானா, அல்லது ஒரு டேமேஜ். அவ்வளவுதான்.

கார்டு எடுக்கும் கார்டுகளில் இது இன்னும் கொடூரம். ஆன்செஸ்ட்ரல் ரீகால் ஒரு மானாவுக்கு மூன்று கார்டு எடுக்கவைக்கும். கான்சன்ட்ரேட் என்று ஒன்று இருக்கிறது, அதுவும் மூன்று கார்டுதான், ஆனால் நாலு மானா. முதலாவது ஆட்டத்தின் வரலாற்றிலேயே மிக வலிமையான கார்டுகளில் ஒன்று. லெகஸி ஃபார்மட்டில் தடை, விண்டேஜ் ஃபார்மட்டில் ஒரே ஒரு காப்பிதான் அனுமதி. இரண்டாவதை நீங்கள் கேள்விப்பட்டே இருக்க மாட்டீர்கள். 'மூன்று கார்டு எடு' என்ற வரியை மட்டும் படித்தால் இரண்டும் ஒன்றுதான்.

எழுதியிருக்கும் விலையும் கொடுக்கும் விலையும் எப்போதும் ஒன்றாக இருக்கும் என்றும் நம்பிவிடாதீர்கள். ட்ரெஷர் க்ரூஸ் 2014-இல் கான்ஸ் ஆஃப் தார்கிர் செட்டில் வந்தது. மூலையில் போட்டிருந்த விலை எட்டு மானா. எட்டு மானாவுக்கு மூன்று கார்டா என்று தள்ளிவிட்டுப் போகத் தோன்றும். ஆனால் அதில் டெல்வ் என்ற விதி இருந்தது: ஆடி முடித்துக் கிரேவ்யார்டில் கிடக்கும் கார்டுகளை ஒன்றுக்கு ஒரு மானா என்று விலக்கிக் கழித்துக்கொள்ளலாம். மலிவான கார்டுகளை மளமளவென்று ஆடித் தள்ளும் டெக்கில் அது பல நேரம் ஒன்றிரண்டு மானா கார்டு ஆகிவிட்டது. அதாவது கிட்டத்தட்ட ஆன்செஸ்ட்ரல் ரீகால். 2015 ஜனவரியில் மாடர்ன், லெகஸி இரண்டிலும் தடை விழுந்தது.

மானாவின் நிறத்தையும் கவனியுங்கள். மூன்று மானாவில் ஒன்று மட்டும் கறுப்பாக இருந்தால் போதும் என்பது வேறு, மூன்றுமே கறுப்பாக வேண்டும் என்பது வேறு. இரண்டு நிற டெக் வைத்திருப்பவருக்கு இரண்டாவது வகை கையிலேயே தூங்கும்.

ஒரு கார்டைப் பிரித்துப் பார்ப்போம்

இனி நானே ஒரு கார்டைக் கற்பனை செய்கிறேன். நம் ஊர்ப் பெயராகவே வைப்போம்: ஊசுட்டேரி நாரை. நாலு மானா, அதில் ஒன்று நீலம். 2/3, அதாவது 2 அடி கொடுக்கும், 3 அடி வாங்கினால் சாகும். பறக்கும். விதி: 'இது களத்துக்கு வரும்போது உங்களிடம் வேறு மூன்று கிரியேச்சர்களாவது இருந்தால், இரண்டு கார்டு எடுத்துக்கொள்ளுங்கள்.'

இப்படி ஒன்று பிரிவ்யூவில் வந்தால் நம் தம்பி குதிப்பான். ஏன் குதிப்பான் என்பதும் நியாயமானதுதான்: பறக்கும் ஆளும் கிடைக்கிறது, இரண்டு கார்டும் கிடைக்கிறது. இரண்டு கார்டு எடுக்கும் டிவினேஷன் தனியாகவே மூன்று மானா. கணக்குப் போட்டால் ஏழு மானா சரக்கு நாலு மானாவுக்கு வருகிற மாதிரி இருக்கிறது.

இப்போது விதியைக் கையால் மூடிக்கொள்ளுங்கள். நிபந்தனை நிறைவேறாத நாளில் மிஞ்சுவது என்ன? நாலு மானாவுக்கு 2/3 பறக்கும் கிரியேச்சர். இது போதுமா? பக்கத்தில் பழைய சாதாரணக் கார்டுகளை வைத்துப் பாருங்கள். விண்ட் ட்ரேக் மூன்று மானாவுக்கு 2/2 பறக்கும். ஸ்னாப்பிங் ட்ரேக் நாலு மானாவுக்கு 3/2 பறக்கும். இரண்டுமே காமன் (எளிதில் கிடைக்கும் வகை), இரண்டுமே யாரும் கொண்டாடாத கார்டுகள். நம் நாரை வெறும் ஆளாக நின்றால் இவற்றுக்குச் சமம், அல்லது ஒரு படி கீழே. மோசமில்லை, ஆனால் பெருமைப்பட ஒன்றுமில்லை.

இந்த 'மூடிப் பார்க்கும்' வேலையைப் பழக்கமாக்கிக்கொண்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. கார்டுக்கு ஒரு தரை இருக்கிறது, ஒரு கூரை இருக்கிறது. பிரிவ்யூவில் எல்லோரும் பேசுவது கூரையைப் பற்றி. வாரா வாரம் நாம் ஆடப்போவது பெரும்பாலும் தரைக்கு அருகில்.

அடுத்து, அந்த நிபந்தனை எப்போது நிறைவேறும்? மேஜிக்கில் இதற்கு நல்ல ஒரு வழி புழக்கத்தில் இருக்கிறது, ஆட்டத்தை நாலு நிலைமையாகப் பிரிப்பது: ஆட்டம் இப்போதுதான் தொடங்குகிறது; இரு பக்கமும் சமமாக நிற்கிறது; நீங்கள் ஜெயித்துக்கொண்டிருக்கிறீர்கள்; நீங்கள் தோற்றுக்கொண்டிருக்கிறீர்கள். ஒவ்வொன்றிலும் இந்தக் கார்டு கைக்கு வந்தால் எப்படி இருக்கும் என்று கேட்டுப் பாருங்கள்.

தொடக்கத்தில் நாலாவது டர்னில் நாரையை இறக்கும்போது ஏற்கெனவே மூன்று கிரியேச்சர் களத்தில் இருக்க வேண்டுமென்றால், முதல், இரண்டாம், மூன்றாம் டர்ன்களில் தவறாமல் டர்னுக்கு ஒன்று இறக்கியிருக்க வேண்டும், எதிராளி ஒன்றைக்கூடக் கொல்லாமல் வேடிக்கை பார்த்திருக்க வேண்டும். எங்கள் மேசையில் அப்படிப்பட்ட நல்லவர் யாரும் இல்லை. ஆட்டம் சமமாக இழுத்துக்கொண்டு நிற்கும்போது நாரை உண்மையிலேயே நல்ல கார்டு. இரு பக்கமும் ஆட்கள் குவிந்திருப்பார்கள், பறப்பவரைத் தடுக்க ஆள் இருக்காது, இரண்டு கார்டும் வரும். ஜெயிக்கும்போது? பிரமாதம். ஆனால் ஜெயித்துக்கொண்டிருப்பவருக்கு எந்தக் கார்டு வந்தாலும் பிரமாதம்தான். தோற்கும்போதுதான் சங்கதி வெளியே வரும்: உங்கள் ஆட்கள் செத்துக்கொண்டிருப்பதால்தானே தோற்கிறீர்கள்? மூன்று பேர் எங்கே இருப்பார்கள்? கார்டு வராது, 2/3 ஒன்று தடுப்பாக நிற்கும், அவ்வளவுதான்.

ஜெயிக்கிறவரை இன்னும் பெரிதாக ஜெயிக்கவைத்து, தோற்கிறவரைக் கைவிடும் கார்டுகள் ஒவ்வொரு செட்டிலும் வருகின்றன. பிரிவ்யூவில் மிக அதிகமாக ஏமாற்றுபவை இவைதான். ஏனென்றால் கார்டைப் பார்த்ததும் மனசுக்குள் ஓடும் படத்தில் நாம் எப்போதும் ஜெயித்துக்கொண்டிருக்கிறோம்.

இதற்கு நேர் எதிரான கார்டு எப்படி இருக்கும் என்பதற்கு ஓகோ, தீஃப் ஆஃப் கிரவுன்ஸ் போதும். 2019 அக்டோபரில் த்ரோன் ஆஃப் எல்ட்ரேன் செட்டில் வந்தது. மூன்று மானா. ஒரு டர்னில் லைஃப் ஏற்றிக்கொள்ள உதவும் உணவு டோக்கனை (கார்டுக்குப் பதில் களத்தில் வைக்கும் அடையாளம்) உண்டாக்கலாம்; இன்னொரு டர்னில் ஏதாவது ஒரு கிரியேச்சரையோ ஆர்ட்டிஃபாக்ட்டையோ (ஆயுதம், கருவி மாதிரிப் பொருள்) எந்தத் திறனும் இல்லாத 3/3 மான் ஒன்றாக மாற்றலாம். எதிராளியின் மிகப் பெரிய அரக்கனையும் மாற்றலாம், உங்களிடம் சும்மா கிடக்கும் உணவையும் மாற்றலாம். மேலே சொன்ன நாலு நிலைமையிலும் ஓகோவைப் போட்டுப் பாருங்கள், எதிலுமே வீணாகாது. நவம்பரிலேயே, சமீபத்திய செட்டுகள் மட்டும் செல்லும் ஸ்டாண்டர்ட் ஃபார்மட்டில் தடை செய்தார்கள்.

நாரைக்கு வருவோம். நம் தம்பியின் டெக்கில் அதே நாலு மானா இடத்தில் ஏற்கெனவே ஒரு கார்டு இருக்கிறது என்று வையுங்கள்: 3/2, பறக்காது, வரும்போது நிபந்தனை இல்லாமல் ஒரு கார்டு எடுக்கவைக்கும். பார்க்கச் சப்பென்று இருக்கும். ஆனால் தோற்கும்போதும் ஒரு கார்டு தரும், முதலில் வந்தாலும் தரும், தனியாக நின்றாலும் தரும். டோக்கன் கிரியேச்சர்களாகக் குவித்து ஆடும் டெக் என்றால் நாரையை உள்ளே எடுப்பேன். மற்ற டெக்குகளில் பழையதே இருக்கட்டும் என்பேன்.

'இதுவும் அதுவும் சேர்ந்தா...'

பிரிவ்யூ நேரத்தில் அதிகம் கேட்கும் வாசகம் இதுதான். இந்தக் கார்டும் அந்தக் கார்டும் சேர்ந்து வந்தால் எதிராளி காலி. சேர்ந்து வருமா என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம், பெரிய வித்தை ஒன்றுமில்லை.

60 கார்டு டெக்கில் ஒரு கார்டு நாலு காப்பி இருந்தால், தொடக்கத்தில் எடுக்கும் 7 கார்டில் அதில் ஒன்றாவது இருக்க 100-க்கு 40 வாய்ப்பு. இரண்டு வெவ்வேறு கார்டு, இரண்டும் நாலு நாலு காப்பி. இரண்டுமே அந்த ஏழில் இருக்க 100-க்கு சுமார் 15. மூன்று கார்டு சேர வேண்டுமென்றால் 5-க்கும் கீழே. ஆட்டம் போகப் போக இன்னும் கார்டு எடுப்பீர்கள், தேடித் தரும் கார்டுகளும் இருக்கின்றன, அதனால் நிலைமை இவ்வளவு மோசமில்லை. இருந்தாலும் 40, 15, 5 என்று இறங்கும் அந்தப் படிக்கட்டு மனசில் இருக்கட்டும். இரண்டு கார்டு காம்போ என்றால், இரண்டுமே தனித்தனியாகவும் உருப்படியான வேலை செய்கிறதா என்று பாருங்கள். மற்றது வராதவரை கையில் பிணமாகக் கிடக்கும் கார்டுகள் இரண்டைச் சேர்த்துத்தான் காம்போ என்றால், பத்து ஆட்டத்தில் ஒன்றை அட்டகாசமாக ஜெயித்து மீதியில் முழிப்பீர்கள். (அந்த ஒரு ஆட்டத்துக்காகவே ஆடுகிறவர்களும் உண்டு. எங்கள் கடலூர் நண்பர் அந்த ரகம். திருப்பாதிரிப்புலியூரிலிருந்து பஸ் ஏறி வந்து நாலு ஆட்டம் தோற்று, ஒன்றில் எல்லோரையும் ஒரே டர்னில் முடித்துவிட்டு, மாசம் பூராவும் அதையே சொல்லிக்கொண்டிருப்பார். அவரைத் திருத்த நான் முயல்வதில்லை.)

இதுவரை சொன்னதெல்லாம் ஆசையைக் குறைக்கும் வழிகள். எதிர்ப்பக்கம் விழும் தவறும் இருக்கிறது: நல்ல கார்டைக் குப்பை என்று தள்ளுவது. இது பெரும்பாலும் கார்டில் ஏதாவது ஒரு 'கெட்டது' எழுதியிருந்தால் நடக்கும்.

நெக்ரோபொடன்ஸ், 1995-இல் ஐஸ் ஏஜ் செட். இதை வைத்திருந்தால் டர்ன் தொடக்கத்தில் வழக்கமாக எடுக்கும் கார்டை எடுக்க முடியாது. பதிலாக, ஒரு லைஃப் கொடுத்தால் ஒரு கார்டு. டர்ன் முடிவில் கைக்கு வரும். லைஃபைக் கொடுத்துக் கார்டு வாங்குவதா, தற்கொலை அல்லவா என்று ஆரம்பத்தில் நிறையப் பேர் ஒதுக்கினார்கள். ஆனால் மேஜிக்கில் 20 லைஃபோடு தொடங்குகிறோம், கடைசி ஒன்று தீரும்வரை ஆட்டம் முடிவதில்லை. முதல் பத்தொன்பதும் செலவழிக்கக் கிடைத்த காசு என்று பார்த்தவர்கள் ஒரே டர்னில் ஏழெட்டு கார்டு வாங்கினார்கள். 1996-இல் நெக்ரோ டெக்குகள் ஆட்டத்தையே ஆக்கிரமித்த அந்தக் கோடைக்குப் 'பிளாக் சம்மர்' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

ஸ்கல்கிளாம்ப் இதைவிடச் சுவையானது. 2004-இல் டார்க்ஸ்டீல் செட். ஒரு மானாவுக்கு வரும் ஆயுதம், ஒரு மானா கொடுத்து ஒரு கிரியேச்சருக்கு மாட்டலாம். மாட்டியவருக்கு +1/-1. அவர் செத்தால் உங்களுக்கு இரண்டு கார்டு. அந்த '-1' ஒரு குறை மாதிரித் தெரிகிறதல்லவா? ஒரு அடியில் சாகும் 1/1 ஆளுக்கு மாட்டிப் பாருங்கள். 2/0 ஆகி அங்கேயே சாவார். ஒரு மானா, இரண்டு கார்டு. அடுத்த ஆளைக் கூப்பிடு. குறை என்று நினைத்த இடத்தில்தான் இயந்திரமே இருந்தது. அதே வருடம் ஜூனில் ஸ்டாண்டர்டில் தடை. அச்சாவதற்கு முன் கடைசிக் கட்டத்தில்தான் அந்த '-1' வந்ததாம். உருவாக்கியவர்களுக்கே கண்ணில் படவில்லை என்றால் நமக்குப் படாமல் போவதில் வெட்கமில்லை.

ஆகவே ஒரு கார்டில் 'உங்கள் லைஃபை இழப்பீர்கள்', 'கையிலுள்ளதை எறியுங்கள்', 'ஒன்றைப் பலி கொடுங்கள்' என்று இருந்தால், உதட்டைப் பிதுக்குவதற்கு முன் இந்த இழப்பு எந்த டெக்குக்கு இழப்பே இல்லை என்று கேளுங்கள். கிரேவ்யார்டிலிருந்து ஆட்களை எழுப்பும் டெக்குக்குக் கையிலிருந்து எறிவது தண்டனை அல்ல, வசதி.

எந்த மேசையில்?

ரம்மி ஆடுகிறவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கையில் ஐந்தும் ஆறும் வைத்திருப்பவருக்கு அதே இனத்து ஏழு தங்கம், மற்றவருக்கு அது ஏழு பாயின்ட் சுமை. இங்கேயும் அப்படியே, கூடவே ஃபார்மட் என்ற ஒன்றும் சேர்ந்துகொள்கிறது.

லைட்னிங் போல்டையே எடுங்கள். இருவர் மோதும் 20 லைஃப் ஆட்டத்தில் 3 டேமேஜ் என்பது கணிசம். எங்கள் கூட்டத்தில் அதிகம் ஓடும் கமாண்டரில் பொதுவாக நாலு பேர், தலைக்கு 40 லைஃப், 100 கார்டு டெக், அடிப்படை நிலங்கள் தவிர எதிலும் ஒரே காப்பி. மூன்று எதிராளிக்கும் சேர்த்து 120 லைஃபில் 3 என்பது கொசுக்கடி. ரிஸ்டிக் ஸ்டடி இதற்கு மறுபக்கம். 2000-இல் ப்ராஃபெசி செட்டில் காமனாக வந்தது. எதிராளி ஏதாவது ஆடும்போதெல்லாம் கூடுதலாக ஒரு மானா கட்டாவிட்டால் நீங்கள் ஒரு கார்டு எடுக்கலாம். ஒரே எதிராளி என்றால் அவர் பார்த்துக் கட்டிவிடுவார். மூன்று பேர் என்றால் யாராவது ஒருவர் கட்ட மறப்பார், இன்னொருவர் சலித்துக்கொண்டு விட்டுவிடுவார், உங்கள் கை நிரம்பிக்கொண்டே இருக்கும். கமாண்டர் பரவிய பிறகு அந்தச் சாதாரணக் கார்டின் விலை எங்கேயோ போய்விட்டது. ரேரா காமனா என்பதை வைத்து வலிமையைக் கணிக்கக் கூடாது என்பதற்கும் இதுவே சாட்சி.

டிராஃப்ட் ஆடுபவர்களுக்கு அளவுகோல் வேறு. மூன்று பேக்கைப் பிரித்துச் சுற்றிலும் கைமாற்றி, கிடைத்ததை வைத்து 40 கார்டு டெக் கட்டுவது அது. அங்கே நம் ஊசுட்டேரி நாரை தாராளமாக இடம் பிடிக்கும். பறக்கும் 2/3 அங்கே மரியாதையான ஆள். 'இந்தக் கார்டு எப்படி?' என்று யாராவது கேட்டால் 'எதுக்கு?' என்று திருப்பிக் கேளுங்கள்.

மற்ற ஆட்டங்களில் விலை எழுதியிருக்கும் இடம் மாறும், அவ்வளவே. ஹார்த்ஸ்டோனில் மானா தானாகவே டர்னுக்கு ஒன்று ஏறும், எனவே நிலம் வராத பிரச்சினை கிடையாது. போக்கிமானில் டர்னுக்கு ஒரு எனர்ஜிதான் கையால் சேர்க்கலாம். அட்டாக்குக்கு எத்தனை எனர்ஜி என்பதே எத்தனை டர்ன் காத்திருப்பு என்பதாகிவிடுகிறது. அதோடு, விழுந்தால் எதிராளி எத்தனை பிரைஸ் கார்டு எடுப்பார் என்பதும் விலையின் ஒரு பகுதி. பொதுவாக இஎக்ஸ் (ex) வகைப் போக்கிமான் விழுந்தால் இரண்டு, மொத்தம் இருப்பதே ஆறு, ஆறையும் எடுத்தவர் ஜெயித்தார். (பெட்டிக்கடையில் சரமாகத் தொங்கும் பளபளா பாக்கெட்டில் வரும் கார்டுகளுக்கு இந்தக் கட்டுரை பொருந்தாது. அவற்றின் எச்பியை (அடி தாங்கும் அளவை) எழுதியவருக்குச் சுழி போடுவதில் அளவில்லாத ஆசை.) யூ-கி-ஓவில் மானாவே கிடையாது. அங்கே பாட் ஆஃப் கிரீட் எந்தச் செலவும் இல்லாமல் இரண்டு கார்டு தரும் என்பதால் தடைப் பட்டியலிலேயே கிடக்கிறது. அதே இரண்டு கார்டுக்கு மேஜிக்கின் டிவினேஷன் மூன்று மானா கேட்பதால் எந்தத் தடையும் இல்லாமல் சாதுவாக இருக்கிறது.

ஒப்பீடும் சில நேரம் நம்மைக் கவிழ்க்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2014 டிசம்பரில் ஹார்த்ஸ்டோனில் டாக்டர் பூம் வந்தது: ஏழு மானா, 7/7, கூடவே இரண்டு 1/1 பாம் பொம்மைகள், அவை சாகும்போது எதிரிகளில் யாரையாவது 1 முதல் 4 வரை அடிக்கும். ஏற்கெனவே வார் கோலெம் என்று ஏழு மானா 7/7 ஒன்று இருந்தது, அதை யாரும் சீண்டுவதில்லை. அதனால் பலர் இதையும் சுமாரான கார்டு என்றே நினைத்தார்கள். அடுத்த வருடம் முழுக்க எந்த டெக்கைத் திறந்தாலும் டாக்டர் பூம்தான் எட்டிப் பார்த்தது. வார் கோலெமோடு ஒப்பிட்டவர்கள் தவறான ஆளோடு ஒப்பிட்டார்கள். டெக்கில் ஏழு மானா இடத்தில் உண்மையில் எது இருந்ததோ அதோடு ஒப்பிட்டிருக்க வேண்டும்.

பிரிவ்யூவுக்கே உரிய ஒரு சிக்கல் மிச்சம் இருக்கிறது. நீங்கள் பார்ப்பது முழு செட்டில் ஒரு துண்டு. முதல் நாள் காட்டும் கார்டுக்கு உதவும் கார்டுகள் பத்தாம் நாள் வரலாம், வராமலும் போகலாம். அதனால் முதல் வாரத்தில் யாரையும் திட்டவும் வேண்டாம், புகழவும் வேண்டாம். பட்டியல் முழுதும் வந்ததும் இன்னொரு முறை படியுங்கள். முன்பதிவு விலை ஆசையின் விலை. வெளிவந்து சில வாரத்தில் பெரும்பாலான கார்டுகளின் விலை இறங்கும். ஏறுபவை சில இருக்கும். அவற்றை முன்கூட்டியே பிடிக்கிறேன் என்று இறங்கினால் அது ஆட்டம் இல்லை, ஷேர் மார்க்கெட்.

அதுவரை சும்மா இருக்க வேண்டியதும் இல்லை. ஒரு துண்டுக் காகிதத்தில் புதுக் கார்டின் பெயர், விலை, விதியை எழுதி, ஸ்லீவுக்குள் ஏதாவது ஒரு உபயோகமில்லாத கார்டுக்கு முன்னால் செருகுங்கள். இதை ப்ராக்ஸி என்பார்கள். கடையில் நடக்கும் போட்டிக்கு எடுத்துக்கொண்டு போகக் கூடாது, வீட்டில் அண்ணன் தம்பியோடு ஆட யார் தடுக்கப் போகிறார்கள்? டெக்கில் எந்தக் கார்டை எடுத்துவிட்டு அதைப் போட்டீர்களோ, அந்தப் பெயரைக் காகிதத்தின் மூலையில் பென்சிலால் எழுதி வையுங்கள். ஒவ்வொரு முறை அது கைக்கு வரும்போதும் இரண்டில் இப்போது எது வந்திருந்தால் தேவலை என்று பார்த்து, பழையதுதான் என்றால் ஒரு கோடு, புதியதுதான் என்றால் ஒரு புள்ளி. ஞாயிறு மதியத்துக்குள் அந்தக் காகிதத்தில் கோடு அதிகமா புள்ளி அதிகமா என்று தெரிந்துவிடும், கூரியருக்குக் காசு கட்டுவதா வேண்டாமா என்பதும்.